பூபதியின் இடது இமை

கலாமணியின் கையிலிருந்து பூபதி கார் சாவியை வாங்கியபோது நான் பின்கதவைத் திறந்தேன், தடுப்பதற்கு என்ன இருக்கிறது, காலையில் கோபியிலிருந்து எண்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள், எனக்கு டிரிப்ஸ் ஏறிய ஐந்தரை மணி நேரமும் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தவள் அவள், "அக்கா, புளியம்பட்டி வரைக்கும் நான் ஓட்டறனுங்க, நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்று ஒருவன் கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். சொன்னாள். சாவியைக் கொடுத்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பின்சீட்டு. தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு போர்வை, வாய்க்கு ஒரு மாஸ்க். பத்தொன்பது வருஷம் கோபியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான், மூவாயிரம் பேருக்காவது ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பேன், தாசில்தார் சம்சாரத்துக்கு, பட்டுக்கூடு வியாபாரிக்கு, எழுபது வயதில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு வாத்தியாருக்கு, கல்யாணமான புதிதில் இந்தக் கலாமணிக்கு. என் வண்டியின் பின்சீட்டு எப்படி இருக்கும் என்பதே எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரியாது. இப்போது தெரியும். இடது பக்கம் ஒரு ஸ்பிரிங் எழும்பி நிற்கிறது. சரவணம்பட்டி நெரிசலில் பூபதி கியரை மாற்றுகிறான், இரண்டு, ஒன்று, இரண்டு, அவன் கை என் கியர்க் குமிழின் மேல் எவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது, ஏதோ அவன் வீட்டுக் கதவுக் கைப்பிடி மாதிரி. "ஏனுங்க, குளிருதுங்களா? ஏசியைக் குறைக்கட்டுமா?" என்று கலாமணி திரும்பிக் கேட்கிறாள். இரண்டு கலாமணிகள் திரும்பிக் கேட்கிறார்கள். ஒருத்தி மேலே, ஒருத்தி கொஞ்சம் கீழே, சாய்வாக. வேண்டாம் என்று தலையாட்டினேன். பேசினால் மூக்கால் பேசுகிறவன் மாதிரி வரும், மத்தியானத்துக்கு மேல் என் குரல் அப்படித்தான், பூபதி கேட்கும்படி அதைப் பேச எனக்கு இஷ்டமில்லை.

இரட்டையாகத் தெரிவது முதலில் ஒரு டிராக்டரில் ஆரம்பித்தது. மொடச்சூர் ரோட்டில் ஒரு பெண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எதிரே டிராக்டர், பக்கத்தில் இன்னொரு டிராக்டர், இரண்டையும் ஒரே ஆள் ஓட்டுகிறான். அப்புறம் இமை விழுந்தது, அப்புறம் சப்பாத்தியை மென்றால் பாதியில் தாடை நின்றுவிட்டது, கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து மென்றேன். கண் டாக்டர், காது மூக்கு டாக்டர், கடைசியில் கோயமுத்தூர் நரம்பு டாக்டரம்மா. மயஸ்தீனியா என்றார். உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுவே, நரம்பும் தசையும் சேருகிற இடத்தைப் பகையென்று நினைத்து அடிக்கிறதாம். அடிக்கிறதை அடக்க மருந்து, அடக்கினால் வெளியே இருந்து வரும் கிருமிக்கும் கதவு திறந்துவிடும், அதனால் மாஸ்க், அதனால் கல்யாணம் இல்லை, காரியம் இல்லை, சந்தை இல்லை. என் சொந்தச் சித்தப்பா செத்ததற்குத் தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த டாக்டரம்மாவின் அறை வாசலில்தான் பூபதியை முதலில் பார்த்தேன். புளியம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், என்னைவிட ஐந்து வயது சின்னவன், இரண்டு இமைகளையும் பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு தூக்கி ஒட்டியிருந்தான், எப்போதும் எதையோ பார்த்து அதிசயப்படுகிறவன் மாதிரி இருந்தது. அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, என்னைப் பார்த்து அவனுக்கும் வந்தது, இரண்டு பேருக்குமே சிரிக்க முடியவில்லை, இந்த நோயில் சிரித்தால் உறுமுகிற மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு அவன் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தான். அதை இப்போது நினைத்தால் வேறு யாரோ இரண்டு பேர் மாதிரி இருக்கிறது. ஒரே மாதம் ஆரம்பித்தோம். அதே ஸ்டீராய்டு, அதே அசாதயோப்ரின், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதம் என் கல்லீரல் அசாதயோப்ரினை ஏற்கவில்லை என்று அதை நிறுத்தினார்கள். அவன் கல்லீரல் ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம். என்ன பாவம் செய்தது என் கல்லீரல், நான் குடித்ததில்லை, பூபதி காலேஜ் நாளில் குடித்தவன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஒன்பதாம் மாதம் அவன் பிளாஸ்திரி இல்லாமல் வந்தான். ஒரு வருஷத்தில் ஸ்டீராய்டைக் குறைத்தார்கள், அவன் முகம் வற்றிப் பழைய முகம் வெளியே வந்தது, அழகான முகம், அது எனக்கு முன்னால் தெரியாது. என் முகம் உப்பிக்கொண்டே போனது. ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் கலாமணி வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்துக் கடித்தான். கடக் என்று சத்தம். மென்றான், இன்னொன்று எடுத்தான், பேசிக்கொண்டே மென்றான். ஒரு மனுஷன் முறுக்குத் தின்பதை அப்படிப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. அவன் தாடை மேலும் கீழும் போவதை, காதுக்குக் கீழே அந்தத் தசை உருண்டு எழுவதை, விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவதை. எனக்கு முன்னால் ரசம் விட்டுக் குழைத்த சாதம். கலாமணி சந்தோஷமாக அவனைப் பார்த்தாள், "நல்லா சாப்பிடுங்க மாஸ்டர், இன்னும் இருக்குது" என்றாள். பெற்றவள் பார்ப்பது மாதிரிதான் பார்த்தாள், வேறொன்றும் இல்லை, வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவன் அவளை அக்கா என்கிறான், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், கட்டின பெண்டாட்டியைப் பற்றி அசிங்கமாக நினைக்கிறவன் அல்ல நான். அது அசிங்கமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். அவள் பார்த்தது அவனை அல்ல. நான் எப்படி ஆகியிருக்க வேண்டுமோ அதைப் பார்த்தாள். என் பங்குக்கு வர வேண்டிய தாடை அவனிடம் இருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக அந்த நினைப்பு வந்தது. அவனுக்கு நோய் திரும்பி வர வேண்டும். நிறைய வேண்டாம். கொஞ்சம். ஒரு இமை. நினைத்துவிட்டுப் பயந்து எழுந்து தண்ணீர் குடித்தேன், மறுநாளும் நினைத்தேன், அப்புறம் பல் விளக்குவது மாதிரி அது ஒரு வழக்கமாகிவிட்டது.

முன்னால் சிரிப்பு. எதற்கு என்று காதில் விழவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. டிரிப்ஸுக்கு முன்னால் போட்ட அலர்ஜி மருந்தின் தூக்கம் இன்னும் கண்ணுக்குள் இழுக்கிறது. பள்ளிக்கூடத்து விஷயம் ஏதோ சொல்கிறான், ஹெட்மாஸ்டர், கபடி டீம், ஒரு மாணவனின் அப்பா, கலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாள். தப்பு அவள் மேல் இல்லை. நான் சிரித்தால் உறுமுகிறேன், உறுமுகிற ஆளோடு யார் சிரிப்பார்கள், ஸ்டீராய்டு போட்டதிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன் போன வாரம், உப்பு போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் போடாதவளிடம். கண்களைத் திறந்து வைத்தால் முன்சீட்டில் நாலு தலை. ஒரு கண்ணைக் கையால் மூடினால் இரண்டு. இரண்டாகப் பார்ப்பதற்கு நாலாகவே பார்க்கலாம் என்றிருக்கிறது. ஆடி மாதம் இப்படித்தான் அவன் ஓட்டிக்கொண்டு வந்தான், கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும் என்று வீட்டுக்குப் போனதும் கலாமணியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "அவரு நல்லா இருக்கறது உங்களுக்குப் புடிக்கலீங்க. கிளட்ச்சு ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு உள்ளே போய் எங்கோ மாட்டிக்கொண்டது, மீன் முள் மாதிரி, எதை விழுங்கினாலும் தட்டுகிறது. புடிக்கலீங்க. அவளுக்கு எப்படித் தெரிந்தது. என் முகத்தில் எந்தத் தசையும் அசைவதில்லையே, எதை வைத்துக் கண்டுபிடித்தாள்.

கோவில்பாளையம் தாண்டும்போதுதான் பார்த்தேன். ரோட்டைப் பார்ப்பது என் பழக்கம், பின்சீட்டில் இருந்தாலும் கண்ணாடியைப் பார்ப்பது என் பழக்கம், மூவாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். உள்கண்ணாடியில் பூபதியின் கண்கள். வலது கண் திறந்திருக்கிறது. இடது கண்ணின் இமை கொஞ்சம் இறங்கி, கருவிழியின் மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. வெயிலாக இருக்கும். மூன்றே முக்கால் மணி, வண்டி வடக்கே போகிறது, வெயில் இடது பக்கத்திலிருந்து அடிக்கிறது, கண் கூசினால் யாருக்கும் இமை இறங்கும். ஒரு புளியமர வரிசை வந்தது, நிழல், நிழலிலும் இறங்கியே இருந்தது. என் கண்ணின் தப்பாக இருக்கலாம். வலது கையால் என் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டு கண்ணிலும் அதே இமை, அதே இடத்தில். என் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. பயமில்லை அது. பயம் என்று சொல்லத்தான் ஆசை. சந்தோஷம். பரீட்சையில் தேறிவிட்டதாகப் பேப்பரில் நம்பர் பார்த்தவன் சந்தோஷம் மாதிரி சுத்தமாக, சூடாக. வந்துவிட்டது. அவனுக்கும். அவன் புருவத்தை உயர்த்துகிறான், இமையை நெற்றித் தசையால் தூக்கப் பார்க்கிறான், எனக்குத் தெரியாதா அது, இரண்டு வருஷமாக நான் செய்வதுதானே, அடுத்து தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்பான் என்று நினைத்தேன், சாய்த்தான்.

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை, இமை இறங்கினால் அடுத்தது இரட்டைப் பார்வை, ஓட்டுகிறவனுக்கு எதிரே வருகிற பஸ் இரண்டாகத் தெரியும், முன்னால் கலாமணி இருக்கிறாள். சொல்லலாம். என்ன சொல்வது. மாஸ்டருக்குக் கண் இறங்குகிறது. கலாமணி அவனைப் பார்ப்பாள், அவன் சிரித்துக்கொண்டு வெயிலுங்கக்கா என்பான், அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். புடிக்கலீங்க உங்களுக்கு. இந்த முறை வாயால்கூடச் சொல்லமாட்டாள். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், நிச்சயமாகத் தெரியட்டும், யார் பார்த்தாலும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன். அப்படித்தான் நினைத்தேன். பொய். அப்படியும் நினைத்தேன், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா அவன் முதுகில் தட்டி, "நம்ம ஆஸ்பத்திரியிலயே நல்லா ஆனவரு நீங்கதான் பூபதி" என்று சொன்னாராம், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த என் கட்டிலுக்கு வந்து கலாமணியிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. என் முன்னால் சொன்னான். பேச்சு நின்றுவிட்டது முன்னால். கபடிக் கதை பாதியில் நிற்கிறது. "அப்பறம்?" என்கிறாள் கலாமணி. அவன் ஏதோ சொல்கிறான், கடைசி வார்த்தைகள் மூக்குக்குள் போய்விட்டன. அந்தச் சத்தம் என்னுடையது. என் குரல் அவன் வாயிலிருந்து வருகிறது. கலாமணிக்குத் தெரியவில்லையா, இரண்டு வருஷமாக அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருக்கிறாளே, அல்லது அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனுஷக் குரலாகவே ஆகிவிட்டதா. ஒரு லாரி தாண்டியது. இமை பாதிக் கருவிழியை மூடிவிட்டது. கணேசபுரம் என்று பலகை. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று. ஐந்து நிமிஷமா, பத்தா.

வாழை இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு ஒரு மொபெட் முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஓட்டுகிறது ஒரு பெண், தலையில் துண்டு. எனக்கு இரண்டு மொபெட். நான் ஒரு கண்ணை மூடி ஒன்றாக்கினேன். பூபதி வண்டியை வலது பக்கம் ஒடித்தான், பிறகு திடீரென்று இடது பக்கம், பிறகு நடுவில். அவன் இரண்டு மொபெட்டுக்கும் நடுவில் போகப் பார்க்கிறான். இருக்கிற ஒன்றை விட்டு, இல்லாத ஒன்றை விட்டு, நடுவில். எதிரே அரசு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது, பூபதி இடது பக்கம் இழுத்தான், இலைக்கட்டின் ஓரம் எங்கள் கண்ணாடியில் சரக்கென்று உரசிக்கொண்டு போனது, கலாமணி "ஐயோ" என்றாள். அப்போதுதான் என் வாய் திறந்தது. கத்தினேன், கத்தல் வரவில்லை, மூக்கால் ஒரு காற்று வந்தது, பாட்டு அதை மூடிவிட்டது. மாஸ்க்கை இழுத்தெறிந்தேன். முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து என்னை நானே முன்னால் இழுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன். கத்த முடியாதவனுக்கு வேறு என்ன வழி, பத்தொன்பது வருஷம் சொன்னதைச் சொன்னேன், அதே வரிசையில், அதே நிதானத்தில். "பூபதி. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு." எடுத்தான். "ஒரு கண்ணை மூடிக்கோ. இடது கண்ணை." மூடினான். "இண்டிகேட்டர், இடது. போடு. கிளட்ச்சு. மூணாவது. இப்ப ரெண்டு. வெள்ளைக் கோட்டைத் தாண்டு. இன்னும் இறங்கலாம், பள்ளமில்ல. பிரேக்கை மெதுவா. மெதுவா. நிறுத்து. ஹேண்ட்பிரேக்." ஒவ்வொன்றுக்கும் அவன் கட்டுப்பட்டான், முதல்நாள் வகுப்புக்கு வந்தவன் மாதிரி. வண்டி ஒரு வேலிமுள் பக்கமாக நின்றது. கலாமணி பாட்டை நிறுத்தினாள். நான் பேசியதில் மூச்சு வாங்கிப் பின்னால் விழுந்தேன்.

பூபதி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். "மாஸ்டர், என்னாச்சுங்க? ஏனுங்க, அவருக்கு என்னாச்சு?" நான் சொல்லவில்லை, அவனே சொன்னான், நிறுத்தி நிறுத்தி. மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. "நல்லாத்தானுங்கக்கா இருந்தேன். மாத்திரை போடற வரைக்கும் நான் சீக்காளிதானே. போடாம இருந்து பாக்கலாம்னு. ஒரு மாசம் ஒண்ணுமில்ல, ரெண்டு மாசம் ஒண்ணுமில்ல. போன வாரம் கரும்பலகை ரெண்டா தெரிஞ்சுது." டாக்டரம்மாவிடம் சொல்லவில்லையா என்று கலாமணி கேட்டாள். இல்லை என்றான். வீட்டில் மிச்சமிருந்த பழைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இரண்டைக் காலையில் விழுங்கிவிட்டுத்தான் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தானாம், அது நாலு மணி நேரம் தசையைத் தூக்கி நிறுத்தும், மத்தியானம் இறங்கிவிட்டது. கலாமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடித்தான். தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. அவள் பயந்து முந்தானையால் துடைத்தாள், அந்த நிமிஷத்திலும், அந்த நிமிஷத்திலும் அவள் முந்தானை அவன் முகத்தில் பட்டதை நான் பார்த்தேன், அது எங்கே போகும், அது என்னோடே இருக்கும். ஆனால் மூக்கில் தண்ணீர் வந்தால் என்ன என்று எனக்குத் தெரியும். அடுத்தது மூச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். வார்டு சிஸ்டர் எடுத்தாள். "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுங்க, எது வரைக்கும் போறாருன்னு பாருங்க" என்றாள். எண்ணினான். பதினேழில் நின்றது. நல்ல நாளில் ஐம்பது எண்ணுகிறவன். போட்டிக்கு எண்ணுவோம் நாங்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் முப்பதைத் தாண்டியதில்லை, அவன் ஐம்பது எண்ணிவிட்டு இன்னும் மூச்சிருக்கிற மாதிரி என்னைப் பார்ப்பான். "மாத்திரை, தண்ணி எதுவும் வாயில குடுக்காதீங்க, நிமிர்ந்து உட்கார வைங்க, உடனே வாங்க" என்றாள் சிஸ்டர். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அது வர்றதுக்குள்ள நான் போயிருவனுங்க" என்று கலாமணி டிரைவர் சீட்டில் ஏறினாள்.

அவனைப் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தோம். என் தலையணையை அவன் கழுத்துக்குக் கொடுத்தேன், தலை நிற்கவில்லை, அதனால் என் தோளையும் கொடுத்தேன். கலாமணி வண்டியைத் திருப்பினாள். என்ன ஓட்டு ஓட்டினாள். எதிரே இடைவெளி பார்த்து, ஹாரனை வீணாக அடிக்காமல், லாரியை எங்கே முந்த வேண்டும் எங்கே கூடாது என்று தெரிந்து. நான் சொல்லிக் கொடுத்தவள், ஆனால் எனக்கு மேலே ஓட்டுகிறாள். அவன் தலை கனமாக இருந்தது. வேர்வை வாடை, பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்பு வாடை. நான் ஆசைப்பட்டதுதான் என் தோளில் கிடக்கிறது, ஒரு வருஷமாகத் தினமும் ஆசைப்பட்டது. நானா செய்தேன் இதை, இல்லை, ஆசைப்பட்டு யாருக்கும் இமை இறங்காது, மாத்திரையை நிறுத்தியது அவன். ஆனால் கோவில்பாளையம். அதற்கு என்ன சொல்வது. வெயில் இப்போது வலது பக்கம். பாதிவழியில் மறுபடி எண்ணச் சொன்னேன். பதினாலு. பதினாலு என்று கேட்டபோதுதான் புரிந்தது, இந்த ஒரு வருஷமும் நான் இவன்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். இவன் முறுக்குக் கடித்தபோது வயிறு எரிந்தது, ஆனால் அந்த எரிச்சலில்தான் ராத்திரி தூங்கினேன், இவனால் முடிந்தால் என்னாலும் ஒருநாள் முடியும், கணக்கு எங்கோ தப்பி என் முறை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான் என்று. இவன் விழுந்தால் யாரைப் பார்த்து நான் வயிறெரிவது. இன்றைக்கு என் ரத்தத்தில் ஐந்தரை மணி நேரம் ஏறிய புது மருந்தை எதை நம்பி ஏற்றிக்கொண்டேன். "மாஸ்டர், தூங்காதே" என்றேன், மறுபடியும் ஒருமையில் வந்தது. "எண்ணு. மெதுவா எண்ணு." எனக்கும் மூச்சு போதவில்லை, இருந்தாலும் சேர்ந்து எண்ணினேன், ஒன்று, இரண்டு, நான் முதலில் நின்றேன். சரவணம்பட்டி சிக்னலில் கலாமணி ஜன்னலை இறக்கிப் போலீஸ்காரரிடம் என்னவோ சொன்னாள், அவர் வழி விட்டார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், கலாமணி அவன் செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினாள், நான் புது மாஸ்க் ஒன்று மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். அவசரப் பிரிவு வாசலில் நாற்காலி. அரை மணி நேரம் கழித்துச் சின்ன வயது டாக்டர் ஒருத்தர் வெளியே வந்தார். குழாய் போட வேண்டிய நிலைமை வரவில்லை, முகத்தில் இறுக்கிக் கட்டிய மாஸ்க்கில் காற்று கொடுக்கிறோம், அதுவே போதும் போலிருக்கிறது, நாளையிலிருந்து ஐந்து நாள் ரத்தத்தில் மருந்து ஏற்றுவோம், பழைய மாத்திரையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ஆயுசுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பேச்சு வேறு என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "இமை இறங்கினத யாரு முதல்ல பாத்தது? எத்தன மணிக்கு?" கலாமணி என் தோளில் கை வைத்தாள். "இவருதாங்க டாக்டர். நானெல்லாம் பாக்கவே இல்ல, பக்கத்துல ஒக்காந்திருந்தும். இவரு பாத்து நிறுத்தாட்டி நாங்க மூணு பேரும் இல்லீங்க. அன்னூருக்குக் கொஞ்சம் முன்னால, நாலு மணி இருக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பார்வை எனக்கு வரவில்லை. கேன்டீனில் அவனுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. நான் பேசாமல் இருந்தால் போதும். தலையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை. "நாலு மணி" என்று டாக்டர் எழுதப் போனார். "மூணே முக்கால்" என்றேன். "கோவில்பாளையத்துலயே பாத்துட்டேன்." டாக்டருக்கு அது ஒரு நேரம், அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலாமணிக்கு அந்த ரோடு தெரியும். கோவில்பாளையத்துக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும். கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?" என்றாள். "நீ நம்பமாட்டேன்னு" என்றேன். அவள் காத்திருந்தாள். "அது மட்டும் இல்ல" என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை, பூபதியின் போனில் அவன் சம்சாரத்தின் நம்பரைத் தேடிப் பேசினாள், பயப்பட வேண்டாம், பஸ்ஸில் நிதானமாக வாருங்கள் என்றாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு, "அவங்க வர்ற வரைக்கும் ஒருத்தரு கூட இருக்கோணுமாம். நீங்க போங்க" என்றாள். "போயி அவருகிட்டயே சொல்லுங்க." போனேன். அவன் கட்டில் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது, முகத்தை இறுக்கி மாஸ்க், இரண்டு இமைகளும் மூடிக் கிடந்தன, அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும். "பூபதி" என்றேன். "நான் கோவில்பாளையத்துலயே பாத்துட்டேன். சொல்லாம வந்தேன்." விரலால் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினான், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். "தெரியுமுங்கண்ணா, கண்ணாடியில பாத்தனுங்க" என்றான், மூக்கால். மூச்சு வாங்கிக்கொண்டான். "நானா நிறுத்த வெக்கமா இருந்துச்சு. நீங்க எப்ப சொல்லுவீங்க, எப்ப சொல்லுவீங்கன்னுதான் ஓட்டிட்டு வந்தேன்." நான் மாஸ்க்கை அவன் முகத்தில் திரும்ப வைத்து, பட்டையைச் சரிசெய்து, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.